பதினாறு மணி நேரக் கணக்கு: சேலம், நாமக்கல் கல்லூரிகளில் பாடவேளை எப்படிப் பங்கிடப்படுகிறது?

ஜூன் மாதம் கல்லூரி திறப்பதற்குச் சில நாள் முன்பே துறைத்தலைவர் மேசைக்கு ஒரு தாள் வந்துவிடும். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒன்று முதல் ஆறு வரை டே ஆர்டர். மேல்வரிசையில் ஒன்று முதல் ஐந்து வரை ஹவர். ஆக முப்பது கட்டங்கள். முதலாண்டுக்கு ஒன்று, இரண்டாமாண்டுக்கு ஒன்று, மூன்றாமாண்டுக்கு ஒன்று என வகுப்புக்கு ஒரு தாள். கட்டத்துக்குள் பாடத்தின் சுருக்கப் பெயரையும் ஆசிரியரின் தலைப்பெழுத்தையும் முதலில் பென்சிலால்தான் எழுதுவார்கள், ஏனென்றால் ரப்பருக்கு நிறைய வேலை இருக்கும். 1857இல் தொடங்கிய சேலம் அரசு கலைக் கல்லூரியோ, ராசிபுரம் திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரியோ, பரமத்தி வேலூரின் உதவிபெறும் கந்தசாமி கண்டர் கல்லூரியோ, திருச்செங்கோடு சாலையில் நேற்று முளைத்த சுயநிதிக் கல்லூரியோ, ஆசிரியர் முதலில் கேட்பது ஒன்றுதான்: “எனக்கு எத்தனை ஹவருங்க சார்?”

இதற்கு அதிகாரபூர்வமான விடை 16. பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் வெளியிட்ட ஒழுங்குமுறைகளின்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. 2010 ஒழுங்குமுறைகளிலும் அதற்கு முந்தைய 1998 அறிவிக்கையிலும் இதே எண்கள்தாம். பாடத்திட்டம் எத்தனையோ முறை மாறிவிட்டது, ஆண்டுத் தேர்வு போய்ப் பருவத் தேர்வு வந்துவிட்டது, கரும்பலகை இருந்த சுவரில் திரை தொங்குகிறது. பதினாறு மட்டும் அசையவில்லை.

அந்தப் பதினாறுக்கு மேலே ஒரு நாற்பதும் உண்டு. முழுநேர ஆசிரியரின் பணி ஆண்டுக்கு 30 வாரம், அதாவது 180 கற்பித்தல் நாட்கள். வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. நாளொன்றுக்கு 5 மணி நேரமாவது கல்லூரியில் இருக்க வேண்டும். இளங்கலை வகுப்பெடுப்பவர் தினமும் 2 மணி நேரமாவது மாணவர் வழிகாட்டலுக்கு ஒதுக்க வேண்டும், முதுகலை என்றால் அந்த 2 மணி நேரம் ஆராய்ச்சிக்கு. 180 நாளை 30 வாரத்தால் வகுத்தால் வாரத்துக்கு ஆறு நாள் வருகிறது. நம் கல்லூரிகளின் டே ஆர்டர் முறையும் இதே கணக்கில்தான் நிற்கிறது. புதன்கிழமை உள்ளூர் விடுமுறை விட்டால் புதனின் பாடம் போய்விடாது, புதனுக்குரிய டே ஆர்டர் வியாழனுக்கு நகரும். ஆகவே நமக்கு ‘வாரம்’ என்பது காலண்டர் வாரமல்ல, ஆறு வேலை நாள் கொண்ட ஒரு சுற்று. ஆண்டுக்கு முப்பது சுற்று. பதினாறை முப்பதால் பெருக்கினால் 480 மணி நேரம். ஒரு உதவிப் பேராசிரியர் ஆண்டு முழுவதும் வகுப்பில் நிற்க வேண்டிய நேரம், தாளில், இவ்வளவே.

480 என்பது பெரிய சுமையா? பிரிட்டனில் 1992க்குப் பின் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற நிறுவனங்களின் ஆசிரியர் ஒப்பந்தம் எந்த வாரத்திலும் 18 மணி நேரத்தையும் ஆண்டில் 550 மணி நேரத்தையும் கற்பித்தல் தாண்டக்கூடாது என்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 1969இல் வெளியிட்ட அறிக்கை இளங்கலைக்கு வாரம் 12 மணி நேரம்தான் உச்சம் என்றது. இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கும் நம் எண் அநியாயமானதல்ல. ஆனால் அந்த இரண்டு ஆவணங்களும் ‘இதற்கு மேல் போகாதே’ என்று கோடு கிழிக்கின்றன. நம் ஒழுங்குமுறை 40 மணி நேரத்துக்குக் குறையாதே என்று கீழே மட்டும் கோடு போடுகிறது. பதினாறைத் தாண்டினால் என்ன ஆகும், தாண்டிய நேரத்துக்கு என்ன கூலி, யாரிடம் முறையிடுவது என்று அதில் ஒரு வரியும் இல்லை. ‘ஓவர்லோடு’ என்ற சொல் நம் ஆசிரியர் அறைகளில் தினமும் புழங்குகிறது. சம்பளப் பட்டியலில் அதற்கு ஒரு பத்தி கிடையாது.

நாமக்கல்லில் உட்கார்ந்து இதை எழுதும்போது லாரி நினைவுக்கு வராமல் இருக்காது. ஒரு லாரி எத்தனை டன் ஏற்றலாம் என்பது அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது, எடைமேடை இருக்கிறது, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி மீறினால் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் அபராதம். ஆசிரியருக்கு எடைமேடை இல்லை.

அப்படியானால் பதினாறு எதற்குப் பயன்படுகிறது? அது ஒரு வகுஎண். ஒரு துறையின் மொத்தப் பாடவேளையைப் பதினாறால் வகுத்து, அந்தத் துறைக்கு எத்தனை பணியிடம் என்று முடிவு செய்வதற்கான கருவி. ஓர் இளங்கலைப் பாடப்பிரிவை எடுத்துக்கொள்வோம். மூன்று வகுப்பு, வகுப்புக்கு 30 மணி நேரம், ஆக 90. முதல் இரண்டு ஆண்டுகளில் பகுதி ஒன்று தமிழுக்கு 6, பகுதி இரண்டு ஆங்கிலத்துக்கு 6 என்று வைத்தால் மொழித்துறைகளுக்கு 24 போய்விடும். மீதி 66. துணைப்பாடத்தை வேறு துறை எடுத்தால் அதில் இன்னொரு 12 குறையும். கல்லூரிக்குக் கல்லூரி சற்று முன்பின்னாக இருந்தாலும் ஏறக்குறைய 54 மணி நேரம் அந்தத் துறையின் கையில் நிற்கும். 54ஐப் பதினாறால் வகுத்தால் மூன்று பேர் போக 6 மணி நேரம் மிச்சம்.

அந்த ஆறு மணி நேரத்துக்கு நான்காவது ஆசிரியரை நியமித்தால் ஆளுக்குப் பதிமூன்றரை. நியமிக்காவிட்டால் மூவருக்கும் ஆளுக்குப் பதினெட்டு. ஒரு துறையில் இது அற்பமாகத் தெரியும். பதினைந்து துறை உள்ள கல்லூரியில் இப்படி மிஞ்சும் மணி நேரங்களைக் கூட்டினால் ஐந்தாறு பணியிடங்கள் வரும். நிதித்துறைக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். கேரளத்தில் நீண்ட காலம் ஒரு வழக்கம் இருந்தது: பதினாறு பதினாறாக வகுத்தபின் 9 மணி நேரம் மிஞ்சினால் அதற்கும் ஒரு பணியிடம் உண்டு, முதுகலை வகுப்பின் ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரமாக எண்ணப்படும். 2020 ஏப்ரலில் கேரள அரசு இரண்டையும் எடுத்துவிட்டது. முழுதாகப் பதினாறு இருந்தால்தான் புதிய இடம். ஆசிரியரின் அன்றாட வேலையில் ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை, ஆனால் தாளில் பணியிடங்கள் மறைந்தன.

டெல்லியில் 2016இல் நடந்தது இதன் முன்னோடி. அந்த ஆண்டு மே மாதம் மானியக் குழு கொண்டுவந்த திருத்தம் உதவிப் பேராசிரியரின் கற்பித்தலை 18 ஆக்கி, டுடோரியலுக்கு இன்னொரு 6 சேர்த்து 24 ஆக்கியது. இணைப் பேராசிரியருக்கு 22. ஆய்வகத்தில் நிற்கும் இரண்டு மணி நேரம் ஒரு மணி நேரமாகக் கருதப்படும் என்றது. டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்துவதைப் புறக்கணித்தார்கள். எட்டு மணி நேரம் கூடுதலாக வேலை செய்ய வேண்டுமே என்பது அவர்களுடைய முதல் கவலையாக இருக்கவில்லை. வகுஎண் 16இலிருந்து 24 ஆனால் மூன்று பேர் செய்த வேலைக்கு இரண்டு பேர் போதும், தற்காலிக ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் வெளியே போவார்கள் என்பதே அச்சம். மானியக் குழு பின்வாங்கியது, ஜூலைத் திருத்தத்தில் 16, 14, 14 திரும்பி வந்தது. அந்தப் போராட்டத்தின் பலனை அனுபவிப்பவர்களில் மேட்டூரிலும் ஆத்தூரிலும் வேதியியல் ஆய்வகத்தில் நிற்கும் ஆசிரியர்களும் அடக்கம். பாதியாக எண்ணும் விதி நின்றிருந்தால் பெரும்பாலும் ஆய்வகமே எடுக்கும் ஒருவர், பதினாறைக் காட்ட முப்பது மணி நேரத்துக்கு அருகே அமிலப் புகையில் நின்றிருப்பார்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1997 ஜனவரியில் சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பெரியார் பல்கலைக்கழகம் சேலத்தில் தொடங்கி, அதுவரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரக் கல்லூரிகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1966இல் தொடங்கிய சேலம் அரசு பொறியியல் கல்லூரி, 1961இல் தொடங்கிய ஸ்ரீ சாரதா மகளிர் கல்லூரி போன்ற பழைய நிறுவனங்களைச் சுற்றிச் சுயநிதிக் கல்லூரிகள் அடர்ந்தது தொண்ணூறுகளில்தான். திருச்செங்கோட்டில் 1994இல் கே.எஸ். ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரி, சேலத்தில் 1997இல் சோனா தொழில்நுட்பக் கல்லூரி என வரிசை நீண்டது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியும் விசைத்தறியும் கோழிப்பண்ணையும் தந்த பணம் பள்ளியிலும் கல்லூரியிலும் முதலீடானது இந்தச் சமவெளியின் தனி வரலாறு. இன்று ஒரே பேருந்துத் தடத்தில் அரசுக் கல்லூரி, உதவிபெறும் கல்லூரி, சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரி, பொறியியல் கல்லூரி நான்கையும் பார்க்கலாம். நான்கிலும் ‘உதவிப் பேராசிரியர்’ என்ற பலகை மாட்டியவர் இருக்கிறார். நால்வரின் பதினாறும் ஒன்றல்ல.

அரசுக் கல்லூரியின் நிரந்தர ஆசிரியரிடம் பதினாறு ஏறக்குறைய பதினாறாகவே இருக்கிறது. மிஞ்சுவதெல்லாம் கௌரவ விரிவுரையாளர் தலையில் இறங்கும். தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்த நியமனம் மொத்த ஆசிரியர் எண்ணிக்கையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதும், அப்படி நியமிக்கப்படுபவருக்கு நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாத ஊதியத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்பதும் அதே 2018 ஒழுங்குமுறைகளில் உள்ளவை. ஏழாவது ஊதியக் குழுவின்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் மட்டும் 57,700 ரூபாய். கௌரவ விரிவுரையாளர் படிப்படியாக உயர்ந்து எட்டியது 25,000, அதுவும் ஆண்டுக்குப் பதினோரு மாதம். மே மாதம் சம்பளமில்லை. மானியக் குழு 2019 ஜனவரியில் வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று வரையறுத்தது. அந்த 50,000ஐத் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் உத்தரவிட்டது. குஜராத் அரசுப் பொறியியல் கல்லூரிகளின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்கு ஊதிய விகிதத்தின் தொடக்கநிலைச் சம்பளம் தர வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. இவர்களை ‘பகுதிநேரம்’ என்று யாரும் சொல்வதில்லை. நிரந்தர ஆசிரியரின் அதே கட்டங்கள்தான் இவர்கள் தாளிலும் நிரம்பியிருக்கும்.

நிரந்தர நியமனம் நடக்கும்வரைதான் இந்த ஏற்பாடு என்பது அரசின் வழக்கமான விடை. ஆசிரியர் தேர்வு வாரியம் 2019இல் அறிவித்த 2,331 இடங்களுக்கான நடைமுறை முடியாமலேயே ரத்தானது. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. இதற்கிடையில் ஓய்வுபெறுபவர் மட்டும் தேதி தவறாமல் ஓய்வுபெற்றுவிடுகிறார்.

உதவிபெறும் கல்லூரியில் கதை வேறு. அங்கே ஒருவர் ஓய்வுபெற்றால் அந்த இடத்தை நிரப்ப அரசின் ஒப்புதல் வேண்டும். அதற்குத் துறையில் பாடவேளை இருக்கிறது என்று காட்ட வேண்டும். மே மாத வெயிலில் அலுவலகப் பணியாளர் பணிச்சுமைப் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகப் படியேறுவது இதற்காகத்தான். அரசு உதவியில்லாமல் அதே வளாகத்தில் நடக்கும் சுயநிதிப் பிரிவின் பாடவேளைகள் இந்தக் கணக்கில் சேராது. வரலாற்றுக்கும் கணிதத்துக்கும் மாணவர் குறைந்து, வணிகவியலும் கணினிப் பயன்பாட்டியலும் சுயநிதிப் பிரிவில் பொங்கி வழியும் காலத்தில் என்ன ஆகும்? உதவிபெறும் பிரிவில் இடம் காலியாகவே இருக்கும், அந்த வகுப்பை நிர்வாகம் சம்பளம் தரும் ஆசிரியர் எடுப்பார். அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரே பாடத்தை எடுக்கும் இருவரின் சம்பளத்தில் மூன்று நான்கு மடங்கு வித்தியாசம் இருப்பதும் உண்டு. ஆசிரியர் அறையில் இதைப் பற்றி யாரும் வாய்திறக்க மாட்டார்கள், தேநீருக்கு யார் காசு கொடுப்பது என்பதில்தான் அது தெரியும்.

பதினாறு என்ற எண் ஆசிரியரைக் காப்பாற்றாமல் அவர் இடத்தையே பறித்த கதையும் தமிழ்நாட்டில் உண்டு. 2013இல் அரசு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தபின், அங்கே தேவைக்கு மேல் இருந்தவர்கள் என்று கணக்கிடப்பட்ட உதவிப் பேராசிரியர்கள் மாநிலமெங்கும் அரசுக் கல்லூரிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். சிதம்பரத்தில் வீடு, மனைவிக்கு அங்கே வேலை, இவருக்கு நூறு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் டைம்டேபிள்.

இனி சுயநிதிப் பொறியியல் கல்லூரி. இங்கே மணி நேரத்தைவிட மாணவர் விகிதத்துக்கே மதிப்பு அதிகம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-19இல் ஆசிரியர், மாணவர் விகிதத்தை 1:15இலிருந்து 1:20க்குத் தளர்த்தியது. 60 இடம் உள்ள ஒரு பிரிவில் நான்காண்டுக்கும் சேர்த்து 240 மாணவர். பழைய விகிதத்தில் 16 ஆசிரியர், புதிய விகிதத்தில் 12. ஒரே கையெழுத்தில் பிரிவுக்கு நான்கு பேர் மிகை. அந்த ஆண்டு தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் ஆசிரியர்கள் கூட்டமாக வெளியேற்றப்பட்டதன் கணக்கு இது.

பன்னிரண்டு பேர் இருந்தாலும் போதும் என்றே தோன்றும். நான்கு வகுப்பு, ஆய்வகம் சேர்த்து வகுப்புக்கு 30 பாடவேளை என்று குறைத்தே வைத்தாலும் 120. ஆளுக்கு 10. பதினாறைவிடக் குறைவு! பிறகு ஏன் இந்தக் கல்லூரிகளில் இருபது, இருபத்திரண்டு ஹவர் எடுப்பவரைத் தேடாமலே சந்திக்கிறோம்?

60 இடத்தில் 30 பேர்தான் சேருகிறார்கள் என்று வைப்போம். கட்டண வருவாய் பாதியாகிவிடும். நிர்வாகம் சேர்ந்த மாணவர் தலையை எண்ணி ஆறு ஆசிரியர் போதும் என்று முடிவு செய்யும். ஆனால் வகுப்பில் 30 பேர் இருந்தாலும் 60 பேர் இருந்தாலும் வெப்ப இயக்கவியலை நடத்த அதே நேரம்தான் ஆகும். 120 பாடவேளை 120ஆகவே நிற்கிறது. ஆறால் வகுத்தால் 20. ஆய்வகத்துக்கு இரண்டு ஆசிரியர் வேண்டும் என்றால் அதற்கும் மேலே. பாடவேளை வகுப்பின் எண்ணிக்கையோடு போகிறது, பணமோ மாணவரின் எண்ணிக்கையோடு போகிறது. இரண்டும் பிரியும் இடத்தில் நடுவில் நிற்பவர் ஆசிரியர். அரசுக் கல்லூரியில் இந்த இடைவெளியைக் கௌரவ விரிவுரையாளரின் குறைந்த சம்பளம் அடைக்கிறது, உதவிபெறும் கல்லூரியில் நிர்வாக ஆசிரியரின் சம்பளம் அடைக்கிறது, சுயநிதிக் கல்லூரியில் ஆசிரியரின் நேரமே அடைக்கிறது. என் பார்வையில் ஓவர்லோடு என்பதன் வேர் இதுதான். மனிதாபிமானம் இல்லாத முதலாளி, சோம்பேறி ஆசிரியர் என்று இரு தரப்பும் சொல்லும் விளக்கங்கள் இந்தக் கணக்குக்குப் பிறகுதான் வரும்.

விகிதத்தை மட்டும் பார்க்கும் ஆய்வு முறை இன்னொரு வாசலையும் திறந்து வைத்தது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. 2023-24இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 224 பொறியியல் கல்லூரிகளில், 353 ஆசிரியர்கள் ஒன்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருந்தார்கள் என்பது அதன் சாரம். அப்போதைய துணைவேந்தர் ஆர். வேல்ராஜ் தம் தரப்பில் 189 பேர் சுமார் 2,000 இடங்களில் காட்டப்பட்டிருப்பதாகச் சொன்னார். செய்தித்தாள்கள் இதை ஆள்மாறாட்ட மோசடியாக எழுதின. சரிதான். ஆனால் அந்த 2,000 இடங்களுக்கும் வகுப்பு இருந்ததல்லவா? தாளில் மட்டும் இருந்த பேராசிரியரின் பாடத்தை யாரோ ஒருவர் எடுத்துக்கொண்டுதான் இருந்தார். அவருடைய டைம்டேபிளில்தான் அந்தக் கட்டங்கள் நிரம்பியிருக்கும். ஆய்வுக் குழு தலையை எண்ணியது, கட்டத்தை எண்ணவில்லை.

கட்டத்தை எண்ணினாலும் முழு உண்மை வராது என்பதைத் தமிழ்த்துறையில் பார்க்கலாம். பதினைந்து இளங்கலைப் பிரிவு உள்ள கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டுகளின் பகுதி ஒன்று தமிழுக்கு வாரம் 180 மணி நேரம் வேண்டும். பதினாறால் வகுத்தால் பதினொரு பேருக்கு மேல். நிர்வாகம் என்ன செய்யும்? வணிகவியலையும் கணினி அறிவியலையும் ஒரே கூடத்தில் உட்காரவைக்கும். 90 மணி நேரமாகிவிடும், ஆறு பேர் போதும். ஆசிரியரின் தாளில் இரண்டு வகுப்பு, 12 ஹவர் என்றிருக்கும். உள்ளே ஒரு கூடத்துக்கு 120 பேராக 240 மாணவர். இரண்டு அகத்தேர்வு, ஒரு மாதிரித் தேர்வு என்றால் பருவத்துக்கு 720 விடைத்தாள். தாளுக்குப் பத்து நிமிடம் வைத்தால் 120 மணி நேரம். பதினைந்து வாரத்தில் அதை முடிக்க வாரத்துக்கு எட்டு மணி நேரம். மைக் இல்லாத கூடத்தில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி குறுந்தொகை நடத்திவிட்டு வருபவருக்கு இந்த எட்டு மணி நேரம் வீட்டில்தான். முதுகலையில் பத்துப் பேருக்கு வகுப்பெடுப்பவரின் 12 ஹவரும் இவருடைய 12 ஹவரும் பதிவேட்டில் ஒன்றே.

தயாரிப்பு நேரமும் இப்படித்தான். ஒருவர் பதினாறு மணி நேரத்திலும் ஒரே பாடத்தை மூன்று பிரிவுக்கு எடுக்கலாம், இன்னொருவர் நான்கு வெவ்வேறு பாடம் எடுக்கலாம். சிறிய துறைகளில் நான்கு பேப்பர் சாதாரணம். சுயநிதிக் கல்லூரியில் பருவத்துக்குப் பருவம் ஆசிரியர் மாறுவதால், போனவர் விட்டுப்போன பேப்பர் புதிதாக வந்தவருக்குப் போகும், அதுவும் அவர் படிக்கும் காலத்தில் தொடாத பேப்பராக இருக்கும். நான் மேலே சொன்ன 1969 அமெரிக்க அறிக்கை இதைக் கவனித்தது. 12 மணி நேரத்தோடு நிற்காமல், ஆண்டுக்கு ஆறு வெவ்வேறு பாடங்களுக்கு மேல் ஒருவருக்குத் தரக்கூடாது என்றும் சேர்த்தது. நம் ஒழுங்குமுறை எதிலும் பேப்பர் எண்ணிக்கை இல்லை. மானியக் குழுவின் நாற்பதையே எடுத்துப் பார்க்கலாம். கற்பித்தல் 16, தினம் இரண்டு மணி நேர வழிகாட்டலுக்கு ஆறு நாளில் 12, விடைத்தாளுக்கு 5 என்று வைத்தால் மிச்சம் 7 மணி நேரம். அந்த ஏழுக்குள் பதினாறு வகுப்புக்குத் தயாராக வேண்டும். ஒரு வகுப்புக்கு அரை மணி நேரம்கூட இல்லை. கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்பு இன்னும் தொடங்கவே இல்லை.

நாக் கோப்பு மட்டுமா? புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. மாணவருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் நல்ல திட்டங்கள். வங்கிக் கணக்கும் ஆதாரும் ஒட்டவில்லை என்று வரிசையில் நிற்கும் மாணவியின் விவரத்தைச் சரிபார்த்து ஏற்றுபவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியர். நான் முதல்வன் பயிற்சிக்கு ஒருவர், நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு ஒருவர், என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கான தரவுக்கு ஒருவர். இந்த வேலைகளுக்காகப் பதினாறில் ஒரு மணி நேரம் கழிவதில்லை. கூடுதலாக நிர்வாகமும் விரிவாக்கப் பணியும் பார்க்கும் பேராசிரியருக்கு 2 மணி நேரச் சலுகை உண்டு என்று ஒழுங்குமுறை சொல்கிறது. ஆனால் இந்த வேலையைப் பார்ப்பவர் அநேகமாக இளைய உதவிப் பேராசிரியர். சலுகை மேலே, வேலை கீழே.

சுயநிதிக் கல்லூரியில் இதற்கும் மேல் ஒன்று உண்டு: அட்மிஷன். பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு ஆசிரியர்களுக்கு ஊர் பிரித்துத் தரப்படும். கையில் மாணவர் பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள தாள். தருமபுரி, கள்ளக்குறிச்சி, அரூர்ப் பக்கத்து மேல்நிலைப் பள்ளிகள். ஆளுக்கு இத்தனை சேர்க்கை என்று ‘டார்கெட்’. சேர்க்கை குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பதாகவும் ஊதிய உயர்வு நிற்பதாகவும் சொல்லும் ஆசிரியர்கள் பல கல்லூரிகளில் இருக்கிறார்கள். தம் துறைக்கு மாணவர் வந்தால்தான் தம் பாடவேளை நிற்கும், பாடவேளை நின்றால்தான் வேலை நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்ததால்தான் வெயிலில் அலைகிறார்கள். பணியிடக் கணக்கைப் போடும் பொறுப்பு அரசிடமிருந்து நிர்வாகத்துக்கும், நிர்வாகத்திடமிருந்து ஆசிரியரின் இருசக்கர வண்டிக்கும் இறங்கிவிட்டது.

விடுப்பு எடுப்பதும் கடன் வாங்குவதுதான். “மேடம், நாளைக்கு மூணாவது ஹவர் எனக்கு ஆல்டர் பண்ணிக்கறீங்களா? பையனுக்குக் காய்ச்சல்.” “பண்ணிக்கறேன் சார், வெள்ளிக்கிழமை என்னோட ரெண்டாவது ஹவரை நீங்க எடுத்துக்குங்க.” ஆல்டரேஷன் படிவத்தில் இருவரும் கையெழுத்திடுவார்கள், துறைத்தலைவர் ஒப்பமிடுவார். சட்டப்படி கிடைக்கும் தற்செயல் விடுப்புக்கும் மாற்று ஆளைத் தானே பிடிக்க வேண்டும். மகப்பேறு விடுப்பில் ஒருவர் போனால் அவருடைய பாடவேளை துறைக்குள்ளேயே பிரிக்கப்படும். மகளிர் கல்லூரிகள் அடர்ந்த திருச்செங்கோடு, சேலம் பக்கத்தில் இது அடிக்கடி நேர்வது. கூடுதல் பாடவேளை வாங்கிய சக ஆசிரியைக்கு ஊதியம் தராமல், விடுப்பில் போனவர்மேல் மனத்தாங்கலை மட்டும் வளர்த்துவிடும் ஏற்பாடு இது. துறைக்குள் ஒற்றுமை ஏன் இல்லை என்று முதல்வர்கள் வியப்பதைப் பார்த்திருக்கிறேன்.

என்ன செய்யலாம்? பதினாறைக் குறைக்கச் சொல்வது என் கோரிக்கையல்ல. எண் பரவாயில்லை, அது யார் பக்கம் நிற்கிறது என்பதில்தான் சிக்கல். பெரியார் பல்கலைக்கழகத்தின் இணைவிப்பு ஆய்வுக் குழுவும் அண்ணா பல்கலைக்கழகத்தின் குழுவும் கல்லூரிக்கு வரும்போது ஆசிரியர் பட்டியலையும் சான்றிதழையும் வாங்கிப் பார்க்கின்றன. அதோடு நடப்பு டைம்டேபிளையும், கடந்த பருவத்தின் ஆல்டரேஷன் பதிவேட்டையும் கேட்கட்டும். ஒருவர் பெயருக்கு நேரே எத்தனை ஹவர், எத்தனை பேப்பர், எத்தனை மாணவர் என்று மூன்று பத்தி போட்டுக் கல்லூரியின் இணையதளத்தில் வெளியிடச் சொல்லட்டும். தாளில் மட்டும் வாழும் பேராசிரியருக்கு டைம்டேபிளில் கட்டம் கிடைக்காது. ஆதார் எண் ஒப்பீடு கண்டுபிடிக்காததை வகுப்பு மாணவன் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவான். பதினாறுக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூலி உண்டு என்று ஓர் அரசாணை போதும். எவ்வளவு என்று புதிதாக யோசிக்க வேண்டியதில்லை, வகுப்புக்கு 1,500 ரூபாய் என்று மானியக் குழு 2019இலேயே எழுதி வைத்திருக்கிறது. இரண்டு ஹவர் கூடுதலாகத் தர 3,000 ரூபாய் ஆகும் என்றால், நான்காவது ஆசிரியரை நியமிப்பது மலிவா என்று நிர்வாகமே கணக்குப் போடத் தொடங்கும்.

சுயநிதிக் கல்லூரிகளால் தாங்க முடியுமா என்பார்கள். பாதி இடம் நிரம்பாத பிரிவை நடத்துவதா, மூடுவதா என்பது நிர்வாகம் எடுக்க வேண்டிய வணிக முடிவு. அந்த முடிவைத் தள்ளிப்போடும் செலவை ஐந்தாண்டாக ஊதிய உயர்வு பார்க்காத உதவிப் பேராசிரியர் ஏன் ஏற்க வேண்டும்?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஜூன் மாதம் மகளைச் சேர்க்கப் போகும்போது விடுதியைப் பார்க்கிறீர்கள், பஸ் வீட்டுப் பக்கம் வருமா என்று விசாரிக்கிறீர்கள், பிளேஸ்மெண்ட் எத்தனை சதவீதம் என்று கேட்கிறீர்கள். அப்படியே அந்தத் துறையின் டைம்டேபிளையும் காட்டச் சொல்லுங்கள். ஒரே தலைப்பெழுத்து நான்கு பாடங்களுக்கு நேரே இருந்தால், அந்த ஆசிரியருக்கு உங்கள் மகளின் பாடத்தைப் படித்துவிட்டு வர நேரமில்லை என்று பொருள்.